உடைந்த மூக்கும் ஒரு ராக் ஆல்பமும்

பர்மிங்காம், நவம்பர் 1979

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். கையில் சிறு கட்டு, அவ்வளவுதான்.

ஞாயிறு மதியம் மதுக்கடையில், இந்தப் பத்தாண்டின் சிறந்த ராக் ஆல்பம் எது என்று பேச்சு வந்தது. நான் சொன்ன ஆல்பத்தின் பெயரைக் கேட்டதும், என்னோடு ஆலையில் வேலை செய்யும் டெஸ்மண்ட், "அதெல்லாம் ஒரு பாட்டாடா? பூனை வாலை மிதிச்ச மாதிரி இருக்கு!" என்றான். அவன் மூக்கை உடைத்தேன். அவன் உடைந்த கிளாஸால் என் உள்ளங்கையைக் கிழித்தான். மேசைகள் கவிழ, இருவரும் ரத்தத்தில் புரண்டோம்.

ஆஸ்பத்திரியில் தையலுக்காக அருகருகே காத்திருந்தபோது, "அந்த இசைத்தட்டுல ரெண்டாவது பக்கம் மட்டும் பரவாயில்லடா," என்றான், மூக்கைப் பொத்தியபடி.

இந்த ஊரில் என்னோடு இவ்வளவு நேரம் பேசியவன் அவன்தான், அம்மா. என் இசைத்தட்டுகளை அனுப்புங்கள், அவனுக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் ஹேமிஷ்