தகட்டின் மூலையில் அம்மா

மார்ச் 3

லென்ஸ் செய்வதற்கான மாஸ்க், அதாவது அச்சுக் கண்ணாடி, முடிந்தது. கண்ணாடியில் கண்ணுக்கே தெரியாத லட்சக்கணக்கான கறுப்புப் புள்ளிகள். நெருக்கி வைத்தால் இருட்டு, விலக்கி வைத்தால் வெளிச்சம், நடுவில் வேண்டிய சாம்பல் எல்லாம் உண்டு. அதன் வழியே ஒளி விழுந்தால், அடியில் வைத்த தகட்டின் மேல் தடவிய பூச்சு ஒளி பட்ட அளவுக்குக் கரையும். மணலைவிடச் சிறிய லென்ஸ்கள் வளைந்து நிற்கும்.

அளந்து பார்ப்பது வேறு ஊர் ஆய்வகத்தில் இருக்கும் அக்கா. போன தகட்டுக்கு அவள் எழுதியது: "நான்காவது வரிசை, ஆழம் குறைவு." பதினாலு மாதமாக எங்கள் பேச்சு இவ்வளவுதான்.

மார்ச் 5

அம்மா இறந்துபோன அன்று அக்கா பதினொரு தடவை கூப்பிட்டாள். என் போன் லாக்கரில். தூசி புகாத கிளீன் ரூமுக்குள் அதைக் கொண்டுபோக முடியாது என்று அவளுக்குத் தெரியாதா? அவளும் இதே வேலைதானே செய்கிறாள்! "பதினொரு தடவைடி" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. அழுத்தக்காரி.

திட்டவாவது கூப்பிடேன். உன் குரலக் கேக்கணும்போல இருக்குக்கா.

மார்ச் 9

தகட்டின் மூலையில் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கும். மாஸ்க் வரைகிறவர்கள் அங்கே பூனை, பூ என்று எதையாவது கிறுக்கி வைப்போம். இந்தத் தடவை அம்மாவின் கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்தேன். முகம் மேடாக எழும்பி வரும். அக்கா மூலையைக்கூட விடாமல் பார்ப்பவள்.

மார்ச் 16

ஐயோ, சொதப்பிவிட்டேன்.

தினமும் லென்ஸுக்கு, மேடு வேண்டிய இடம் கறுப்பாக வரும்படி வெளுப்பையும் கறுப்பையும் மாற்றிப் போடுகிறவள், அம்மா படத்தை அப்படியே போட்டிருக்கிறேன். வெளிச்சமான மூக்குதான் அதிகம் கரைந்திருக்கிறது. மூக்கு, நெற்றி, கன்னம் எல்லாம் குழி. மேலாளர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, மூலைல யாரோ மிதிச்ச மாதிரி இருக்கு?" என்றார்.

இங்கே இருப்பது அதே மாஸ்க்கில் செய்த இரண்டாவது தகடு. முதல் தகடு காலையிலேயே அக்காவுக்குப் போய்விட்டது.

மார்ச் 17

அம்மாவைக் கேலி பண்ணியதாக அக்கா நினைப்பாளோ?

மார்ச் 23

அக்காவின் அறிக்கை வந்தது. லென்ஸ்கள் சரி. கடைசிப் பக்கத்தில் இரண்டு படங்கள். ஒன்றில் குழி. இன்னொன்றில் — அம்மா. மூக்கு எடுப்பாக, கன்னம் உப்பி, அப்படியே அம்மா!

அதே குழிதான். மைக்ரோஸ்கோப் விளக்கை நெற்றிப் பக்கமிருந்து முகவாய்ப் பக்கமாக மாற்றிச் சாய்த்திருக்கிறாள். வெளிச்சம் எப்போதும் மேலிருந்து வரும் என்றே கண் நினைக்கும்; அதனால் அந்தப் பக்கமிருந்து விழுந்தால் குழி மேடாகத் தெரியும். இது தெரிந்தும் எனக்குத் தோன்றவில்லை. அடியில் எழுதியிருந்தாள்: "மாத்திப் போட மறந்துட்ட. வெளக்க இந்தப் பக்கம் வெச்சுப் பாரு."

மேஜையிலேயே அழுதேன். யார் பார்த்தால் என்ன.

மார்ச் 24

ஆறு மணி நேரம் கிளீன் ரூம். வெளியே வந்து லாக்கரைத் திறந்தால், ஒரே ஒரு தவறிய அழைப்பு. கீழே செய்தி:

"நீ உள்ளதான் இருப்பேன்னு தெரியும்டி. வெளிய வந்ததும் கூப்பிடு."