தேத்தண்ணி ஊற்றிய மெம்பர்

நவம்பர் 6

மழை. பிரதேச சபைத் தவிசாளர் கதிர்காமத்தம்பி வந்துபோனார், வரவுசெலவுப் பாதீட்டுக்கு ஆதரவு கேட்டு. சபையில் அவர் பக்கம் ஒன்பது பேர், ஜிப்ரியின் கட்சிப் பக்கம் ஒன்பது பேர். நடுவில் சுயேச்சையாக நான் ஒருத்தி. தேர்தல் காலத்தில்கூட எங்கள் முற்றத்தில் இவ்வளவு செருப்பு கிடந்ததில்லை.

ஆனால் என்னிடமா கேட்டார்? என் கணவர் ரதீஸிடம் கேட்டார். "தம்பி, உங்கட வோட்டுத்தான் எங்களுக்கு வேணும்."

உங்கட வோட்டாம்! மெம்பர் நான், கேதீஸ்வரி. இந்த வீடும் அம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது. நான் குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்து தேத்தண்ணி கொடுத்தேன். கோபத்தில் சீனி போட மறந்துவிட்டேன். "நல்லாரிக்கு புள்ள" என்று குடித்தார். பொய்யன்.

நவம்பர் 9

இன்று ஜிப்ரி. எதிர்த்துக் கை தூக்க வேண்டுமாம். அவரும் இவரிடம்தான்: "நீங்க சொன்னா மெம்பர் கேப்பா தானே, தம்பி."

மெம்பர் கதவுக்குப் பின்னால் கோப்பையோடு நிற்கிறேன். எலியும் பூனையுமாக இருக்கிற இரண்டு கட்சிக்கும் இந்த ஒன்றில் மட்டும் என்ன ஒற்றுமை!

நவம்பர் 10

பாதீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வாவியைக் கடக்கிற பாதைப் படகுக்குப் புது எஞ்சின் இல்லை.

போன மாரியில் எங்கள் ஊர்த் தனுஷியாவைப் பிரசவத்துக்கு அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது நடு வாவியில் எஞ்சின் நின்றது. பிள்ளை படகிலேயே பிறந்தது. இப்போது ஊரில் அவன் பெயர் 'பாதையன்'. எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவள் பிடித்திருந்தது என் கையை. "உட்டுராதக்கா" என்றாள். அந்த எஞ்சினைச் சொல்லித்தான் வீடு வீடாக வாக்குக் கேட்டேன்.

நவம்பர் 13

இவர் தவிசாளருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம்! எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிறீட் ரோட்டுப் போடுவார்களாம், அதற்கு என் கை. ஒழுங்கைச் சனத்துக்கும் சொல்லி முடித்தாயிற்று.

"சேத்துக்குள்ள நடக்கிறது நீயுந்தானே கேதீஸ்?" என்கிறார். நியாயம்தான். அதனால்தான் இன்னும் எரிகிறது.

"எஞ்சின்?" என்றேன்.

"அத மறுகா பாப்பம்."

கெட்ட மனிதர் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே ஓம் என்றிருப்பேனோ? தெரியாது. கேட்கவில்லையே!

நவம்பர் 14

கூட்டிய முற்றத்தையே திரும்பவும் கூட்டினேன்.

நவம்பர் 18

சபை. எழும்பி, எஞ்சினைச் சேர்த்தால் ஆதரவு என்றேன். தாளை மேசையில் வைத்துக்கொண்டு பேசினேன். தவிசாளர் சிரித்தார். "அதெல்லாம் உங்கட வீட்டுக்காரரோட பேசி முடிச்சாச்சு, புள்ள."

"அப்ப அவர வந்து கை தூக்கச் சொல்லுங்க" என்றேன்.

ஜிப்ரியின் ஆட்கள் மேசையில் தட்டினார்கள். எதிர்த்துக் கை தூக்கினேன். பாதீடு தோற்றது.

வெளியே வரும்போது ஜிப்ரி சொல்கிறார்: "வீட்ட வாறன். ரதீஸ் தம்பிக்கு நன்றி சொல்லோணும்." முருகா!

நவம்பர் 19

இவர் பேசவில்லை. பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை பேசினாள். "எங்கட வாயில மண்ணப் போட்டுட்டாயேகா."

பிழை செய்துவிட்டேனா? சரி, பிழையென்றாலும் என் பிழை.

டிசம்பர் 1

தோற்ற பாதீட்டைத் திருத்தி நாளை மறுநாள் திரும்ப வாக்கெடுப்பு. தவிசாளர் வந்து விறாந்தையில் உட்கார்ந்து, பழக்கத்தில் இவர் முகத்தைப் பார்த்தார். இவர் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். பாவம் தவிசாளர், வேறு வழியில்லாமல் என் பக்கம் திரும்பினார்.

எஞ்சினுக்கும் கொங்கிறீட்டுக்கும் சேர்த்துக் காசு இல்லையாம். ஏதாவது ஒன்று. சீதேவிப்பிள்ளையின் முகம் முன்னால் வந்து நின்றது. அழுகை வரப் பார்த்தது. "எஞ்சின்" என்றேன்.

இவர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. ஒரே சீனி. தவிசாளர் ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டார். நான் முழுக்கக் குடித்தேன்.

டிசம்பர் 4

நேற்று நிறைவேறியது. எஞ்சின் வரும்.

விடியவும் மழை. இவர் ஒழுங்கைச் சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். சீதேவிப்பிள்ளை வேலிக்கு மேலால், "எங்க தம்பி, நீ போட்டுத்தாறன் எண்ட ரோட்டு?" என்று கேட்டாள்.

"மெம்பரக் கேளுங்க" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

கோபத்தில் சொன்னாரோ என்னவோ. அவள் குடையை விரித்துக்கொண்டு எங்கள் படலையைத் திறக்கிறாள். போய்ப் பதில் சொல்ல வேண்டும்.