கைக்குள் இருக்கும் காசு

ஜூன் 4

அன்புள்ள உங்களுக்கு,

நலம். போனில் பேசினால் சண்டையாகிறது என்றீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்குக் குவாண்டம் கணினிப் பாடம் வருகிறது. ஆசிரியர்களைப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்காரவைத்துப் பயிற்சி தருகிறார்கள். முழங்கால் இடிக்கிறது. அந்தக் கணினியின் அடிப்படை அலகான க்யூபிட் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லச் சொன்னார் பயிற்றுநர். நான் ஒரு காசைச் சுண்டி, மேசைமேல் விழுந்ததும் உள்ளங்கையால் மூடினேன். "பூவா தலையான்னு தெரியல இல்ல? அதுதான் க்யூபிட்."

"இல்ல டீச்சர். கைக்குள்ள இருக்கிற காசு எப்பவோ விழுந்தாச்சு. உங்களுக்குத்தான் தெரியல. க்யூபிட் அப்படியில்ல. அளந்து பார்க்கிறவரைக்கும் அதுக்கே முடிவாகல," என்றார் பயிற்றுநர்.

"எங்க வீட்டுக்காரர் மாதிரி," என்றார் கணக்கு டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். நானும், சற்றுப் பிந்தி.

இங்கே வீட்டுக்காரர் வந்தார். நீங்கள் அல்ல, வாடகை வாங்குகிறவர். ஒப்பந்தத்தை யார் பெயரில் புதுப்பிப்பது என்று கேட்டார். நீங்கள் திரும்பி வருகிறீர்களா என்று தெரிந்தால் சொல்லிவிடுவேன்.

உங்கள் டீச்சர்

ஜூன் 15

அன்புள்ள டீச்சருக்கு,

இன்னும் முடிவாகவில்லை. உன்னிடம் மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? வேலை தலைக்குமேல் கிடக்கிறது. கொஞ்சம் பொறு.

வசதிப்படும்போது என் படிப்புச் சான்றிதழ்களையும் கம்பளிச் சட்டைகளையும் அனுப்பிவை. அலமாரி மேல்தட்டில் அம்மாவின் படம் இருக்கும், அதையும். புது முகவரி உறையின் பின்னால் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்னவன்

ஜூன் 27

அன்புள்ள உங்களுக்கு,

எல்லாவற்றையும் பார்சலில் போட்டுவிட்டேன். அத்தையின் படத்தைச் சட்டைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது பார்த்து.

மாதிரி வகுப்பொன்றை நேற்று எடுத்தேன். காசு கொண்டுபோகவில்லை. கரும்பலகையில் 'தெரியவில்லை', 'முடிவாகவில்லை' என்று எழுதி, இரண்டும் ஒன்றல்ல என்று தொடங்கினேன். பயிற்றுநர், இனி நானே மற்றவர்களுக்குச் சொல்லித்தரலாம் என்றார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பசித்தது, போய்ச் சாப்பிட்டேன்.

முடிவாகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவின் படத்தைக் கேட்கிறவருக்கு முடிவாகாமல் இருக்காது. எனக்குத்தான் தெரியவில்லை.

கையை எடுங்கள். பூவோ தலையோ, நான் பார்த்துக்கொள்கிறேன்.

டீச்சர்

ஜூலை 9

டீச்சருக்கு,

பார்சல் வந்தது. படத்தின் கண்ணாடி உடையவில்லை.

வீட்டுக்காரரிடம் உன் பெயரிலேயே எழுதச் சொல்.