மதுகாமினியை வெட்டியது யார்

அக்கா,

இன்று காலை கைகளை மூன்று முறை கழுவிவிட்டேன். மதுகாமினித் தழையின் வாசனை போகவில்லை. கறிவேப்பிலையும் எலுமிச்சைத் தோலும் கலந்தது போன்ற அந்த வாசனை ஞாயிற்றுக்கிழமைகளில் உன் கைகளில் இருக்கும். வாசலில் நிற்கும் அந்த மதுகாமினி மரத்தைச் சீர்செய்துவிட்டுத்தான் நீ குளித்து மாதா கோயில் பூசைக்குப் புறப்படுவாய்.

குட்வில் எஸ்டேட்டில் அந்த மரத்தை நின்று பார்க்காதவர்கள் குறைவு. கவிழ்த்த கிண்ணம் போல வைத்திருந்தாய். "கீழ அகலம், மேல ஒடுக்கம். இல்லன்னா அடிக்கொப்புக்கு வெயில் கெடைக்காது" என்பாய். அம்மா போனபின் நாம் இருவர் மட்டுமே இருந்த வீட்டில் எல்லாவற்றையும் பங்கிட்டுக்கொண்டோம். கத்தரியை மட்டும் நீ தரவில்லை. அருகில் வந்தாலே, "தள்ளி நில்லுட்டி" என்பாய். இடக்கைக்காரர்களுக்கென்று கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து வரவழைத்தது அது. என் வலக்கைக்கு ஒத்துவராது என்பதும் உண்மைதான்.

நீ இறந்த பின் மழை விடாமல் பெய்தது. நான் மரத்தின் பக்கமே போகவில்லை. ஆனாலும் அது வளரவில்லை. ஒருநாள் உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு கொழுந்தும் கணுவுக்கு மேலே சாய்வாக நறுக்கப்பட்டிருந்தது. வெட்டிய இடங்களில் இன்னும் ஈரம். யார் வெட்டுகிறார்கள் என்று பக்கத்து வீட்டு வங்காளி திதியிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அரே லில்லி, நீதானே வெட்டுறே. ஹர் சண்டே, வாராவாரம். நான் கூப்ட்டா ஜவாபே இல்ல."

நான் நம்பவில்லை. அடுத்த ஞாயிறு தன் பால்கனியிலிருந்து ஃபோனில் படம் பிடித்துக் காட்டினாள். நான்தான். உன் பழைய நைட்டியில், இடக்கையில் உன் கத்தரியோடு. நறுக்கிவிட்டுப் பின்னால் நகர்ந்து, உன்னைப் போலவே தலையைச் சாய்த்துப் பார்க்கிறேன். பிறகு ஆளில்லாத பக்கம் திரும்பிச் சொல்கிறேன்: "தள்ளி நில்லுட்டி, லில்லி."

திதி ஃபோனை அணைத்தாள். "சலோ, டாக்டர்கிட்ட போவோம்" என்று என் கையைப் பிடித்தாள்.

தூக்கத்தில் நடக்கிறாய், துக்கத்தில் சிலருக்கு வரும் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். அதன்பின் ஞாயிறுகளில் முகத்தில் வெயில் விழும்வரை தூங்கினேன். மரம் தலைவிரித்தது. கேட்டைத் திறக்க முடியவில்லை. அடிக்கொப்பு மஞ்சளாகி உதிர்ந்தது. மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று பலமுறை நினைத்தேன், அக்கா. வாரம் ஒருமுறை என் உடம்பை உனக்குத் தந்தால்தான் என்ன? ஆனாலும் நிறுத்தவில்லை. அந்த ஞாயிறுகளில் இங்கே இருந்தது நீ என்றால், நான் எங்கே இருந்தேன்? அதுதான் பயம்.

இன்று முழு விழிப்போடு, புதிதாக வாங்கிய கத்தரியை எடுத்தேன். முதலிலேயே தப்பான கொப்பை வெட்டிவிட்டேன். தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே காய்ந்த குச்சிகள் தெரிந்தன. காதைத் தீட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். நீ திட்டவில்லை. இலைகூட அசையவில்லை. கோயில் மணி அடித்து ஓய்ந்தது.

"இல்லையாக்கா?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

பிறகு மறுபக்கத்தையும் அதே அளவுக்கு வெட்டிச் சரிசெய்தேன். மரம் சின்னதாகிவிட்டது. அதன் வடிவம் இனி உன்னுடையது இல்லை. ஆனால் கணு பார்த்துச் சாய்வாக நறுக்க மட்டும், யாரும் சொல்லித் தராமலே, என் வலக்கைக்குத் தெரிந்திருக்கிறது.