பதாகையில் கிடக்கும் என் தம்பியை அகற்றக் கோருவது

அனுப்புநர்:
சு. உமாராணி, எம்.ஏ.,
வாய்க்கால் பாலத் தெரு,
தென்காசி.

பெறுநர்:
தேர்தல் நடத்தும் அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
தென்காசி.

பொருள்: எங்கள் வார்டில் போட்டியிடும் திரு. தாணுமாலயன், என் தம்பியின் படத்தை அனுமதியின்றிப் பிரசாரப் பதாகையில் பயன்படுத்தியது – அகற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இன்று காலை எழுந்ததும், வாசல்கூடத் தெளிக்காமல், தெருமுனைக்குச் சென்று, ஸ்டூல் போட்டு ஏறி, அங்குள்ள பிளெக்ஸ் பதாகையின் மேல் என் பழைய சேலை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். பதாகையைச் சேதப்படுத்தியதாகப் புகார் கொடுக்கப்போவதாக வேட்பாளரின் ஆட்கள் சொல்லிச் சென்றார்கள். கட்டியது நான்தான். சாட்சி தேட வேண்டியதில்லை.

2. அந்தப் பதாகையில் சாக்கடை ஓரம், வேட்டி விலகி, வாய் திறந்து கிடப்பவன் என் தம்பி பிச்சைமணி. குடியால் வேலையும் வீடும் இழந்து அவன் தெருவில் கிடந்த காலத்தில் எடுத்த படம். "போதையில்லா வார்டு, வீதியில் யாரும் உறங்காத வார்டு" என்று மேலே எழுதியிருக்கிறது. கீழே திரு. தாணுமாலயன் கைகூப்பிச் சிரிக்கிறார்.

3. தம்பி எங்கே குடித்தான் என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். அரசுக் கடை திறக்கும் முன்பே, விடியற்காலையில், கூடுதல் விலைக்கு மது விற்கும் சந்துக்கடை ஒன்று எங்கள் தெருவுக்குப் பின்னால் நடக்கிறது. நடத்துபவர் இதே தாணுமாலயன். தம்பி விழுந்து கிடந்தது அதன் வாசலில்தான். படத்தின் இடது ஓரத்தில் அந்தக் கடையின் நீலத் தகரக் கதவு தெரிகிறது. அதை வெட்டிவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

4. சென்ற ஆடிக்குப் பின் தம்பி குடிக்கவில்லை. சிகிச்சை முடித்து, என் வீட்டில் தங்கி, இலஞ்சியில் ஒரு தேங்காய் மண்டிக்கு வேலைக்குப் போய்வந்தான். பதாகை வைத்த அன்று சாயங்காலம் திரும்பி வரும்போது அதைப் பார்த்திருக்கிறான். வீட்டுக்கு வரவில்லை. ஐந்தருவிப் பக்கம், மூடிக் கிடக்கும் சீசன் கடை ஒன்றின் பலகைமேல் படுத்திருந்தவனைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டேன். "அங்கன ரோட்டுல ஒருத்தன் கெடக்கான்லாக்கா. அவன் மொதல்ல எந்திரிக்கட்டும், நா வாரேன்" என்றான். வாயில் வாடை இல்லை. இன்னும் எத்தனை நாள் அப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியாது.

5. வேட்பாளரிடம் நேரில் கேட்டேன். "யக்கா, பேரா போட்டுருக்கோம்? மூஞ்சிதான இருக்கு. எலெக்சன் முடியட்டும், நானே கழட்டுதேன்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் இருவர் என் சித்தப்பா மக்கள்.

ஆகவே, அந்தப் பதாகையை இன்றே அகற்றவும், சந்துக்கடையைப் பற்றி உரிய துறைக்கு எழுதி விசாரிக்கச் செய்யவும் கேட்டுக்கொள்கிறேன். 'பொதுநலம் கருதி' என்று சேர்ப்பது வழக்கம். சேர்த்துப் பார்த்தேன், பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். அவர் இந்தத் தெருவில் தலைகுனிந்து நடப்பதை நான் பார்க்க வேண்டும்.

என் தம்பிக்குக்கூடத் தெரியாத ஒன்றைத் தங்களுக்கு முதலில் தெரிவிக்கிறேன். பதாகையைத் தாங்கள் அகற்றினாலும் அகற்றாவிட்டாலும், வருகிற வெள்ளிக்கிழமை இதே வார்டுக்குச் சுயேச்சையாக வேட்புமனு தாக்கல் செய்ய வருவேன். அவர் வாக்குக் கேட்டுவிட்டு இறங்கும் ஒவ்வொரு படியிலும் அடுத்து நான் ஏறுவேன். எங்கள் சொந்தக்காரர்களின் வாக்குகளை நம்பித்தான் அவர் நிற்கிறார். அவற்றைப் பிரிக்க என்னால் முடியும். நான் ஜெயிக்க வேண்டாம். அவர் தோற்றால் போதும்.

இடம்: தென்காசி
நாள்: தை 28, செவ்வாய்க்கிழமை

உண்மையுடன்,
சு. உமாராணி