கிழக்கே பாதி, மேற்கே பாதி

இன்று காலை சோலார் தகடுகளைக் கழுவினேன். வெயிலேறிய கண்ணாடியில் தண்ணீர் பட்டதும் எழும் புழுதி வாசனையோடு நீங்களும் வந்துவிடுகிறீர்கள், மடித்துக் கட்டிய கைலியும் கையில் ஸ்பேனருமாக. சண்டைக்கார வீட்டு ஆளை நினைத்து இப்படி நிற்பேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன்.

என் அப்பா உங்கள் வீட்டுப் பண்ணையாள். பிறகு அதே நிலத்தில் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு உழுது, குத்தகைதாரர் உரிமைச் சட்டம் வந்ததும் தன் பெயரைப் பதிந்துகொண்டார். அதில் மூண்ட பகை, இரண்டு வயலுக்கும் நடுவே கிடந்த திட்டு யாருக்கு என்று கோர்ட்டு வரை போனது. தீர்ப்பு வருவதற்குள் இரண்டு அப்பாக்களும் போய்ச் சேர்ந்தார்கள். ஆட்சிகள் மாறி மாறி வந்தன. நமக்குள் பேச்சு மட்டும் வரவில்லை, திட்டில் சீமைக்கருவைதான் மண்டியது.

ஆற்றில் தண்ணீர் விடாத வருஷம் மானியத்தில் எனக்கு சோலார் பம்பு கிடைத்தது. அந்தக் குறுவைப் பயிரும் கருகினால் நிலத்தை விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவது என்று வீட்டில் முடிவே செய்திருந்தோம். தகடுகளை ஒரே பக்கம் பார்க்க நிலையாக வைத்தால் உச்சிவேளையில்தான் தண்ணீர் நன்றாக எடுக்கும். அது கடைசி வயலுக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயில் இறங்கிவிடும். அதனால் சூரியனோடு கூடவே திரும்பும் வகையைக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அதைத் தாங்கும் ஒற்றைக் காலுக்கு வயலில் குழி தோண்டும்போதுதான் நீங்கள் முதல்முறையாக வாய்க்காலைத் தாண்டி வந்தீர்கள்.

"திரும்புறது வேணாங்க" என்றீர்கள்.

எனக்குச் சுருக்கென்றது. "எங்க வயல்ல தண்ணி பாஞ்சா உங்களுக்கு என்னங்க வந்துச்சு?"

நீங்கள் கோபப்படவே இல்லை. அரபு நாட்டில் சோலார் வேலை பார்த்துத் திரும்பியவர், பொறுமையாக விளக்கினீர்கள். "களிமண்ணுங்க இது. கோடையில வெடிக்கும், மழையில ஊறும். ஒத்தக் கால்ல அத்தனை தகடும் நின்னா சாஞ்சிரும். புயல் வேற. திருப்புற மோட்டார் மக்கர் பண்ணுனா, ஆளு வர்றதுக்குள்ள பயிர் போயிரும். நிலையா வைங்க. ஆனா பாதி கெழக்க பாக்கட்டும், பாதி மேக்க பாக்கட்டும். உச்சியில கொஞ்சம் கொறையும்; காலையில சீக்கிரம் எடுக்கும், சாயங்காலமும் விடாது."

"ரெண்டு வரிசையா வச்சா அம்புட்டு நீளத்துக்கு நெழல் விழாத எடம் எங்க இருக்கு?"

"திட்டுல வைங்க."

இன்று கால் ஊன்றச் சொல்லிவிட்டு, நாளைக்குத் தகடும் என்னுடையது என்பார் என்றுதான் தோன்றியது. நம் இரண்டு வீட்டிலும் வளர்ந்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும். எழுதித் தரச் சொன்னேன், அதுவும் குழி தோண்ட வந்த கொத்தனார் முன்னால். வாய்க்கால் மதகில் உட்கார்ந்து, திட்டில் உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ பாத்தியதை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். பிறகு கருவையை வெட்ட நீங்களே அரிவாளை எடுத்தீர்கள். வெட்கத்தில் எனக்கு ஒரு வாய் காபி கொடுக்கக்கூடத் தோன்றவில்லை.

அந்தக் குறுவை விளைந்தது. பிறகு வந்த புயலில் தென்னைகள் சரிந்தன, தகடுகள் அசையவில்லை. நாங்கள் திருப்பூருக்குப் போகாமல் இந்த மண்ணிலேயே இருப்பது உங்களால்தான். உங்களிடம் இதை நேரில் சொல்ல எத்தனையோ முறை நினைத்தேன். வரப்பில் எதிரே வரும்போது தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனேன். வீம்பு, வேறென்ன?

நீங்கள் கண்ணை மூடிய பிறகு வந்த முதல் குறுவை இது. உங்கள் பம்பு மோட்டார் எரிந்துபோய்விட்டது. நாற்று வாட, உங்கள் மனைவி வரப்பில் என் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கேட்கவில்லை; உங்கள் வீட்டிலிருந்து யாரும் எங்கள் வீட்டில் எதையும் கேட்டதில்லை. நான் வாய்க்காலைத் தாண்டிப் போனேன்.

"மடையத் தொறங்க அண்ணி. மேக்க பாக்குற தகட்டுல வர்ற சாயங்காலத் தண்ணி இனிமே உங்களுக்குத்தான்."

அவர்கள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். உங்களை ஒருநாளும் அண்ணா என்று கூப்பிட்டதில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது.