மெழுகுவர்த்தி மாதா திருநாளில் ஊற்றிய ஒயின்

மோலினோஸ் மேல்மலை
சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளி

பிரியமுள்ள மகன் எவரிஸ்தோவுக்கு அம்மா தெல்மீரா எழுதிக்கொள்வது.

மெந்தோசாவில் உனக்கு வேலை நிலைத்துவிட்டது என்று லாரிக்கார ஃபபியான் சொன்னார். அங்கே ஒயின் ஆலை நம் ஊர்க் கோவிலைவிடப் பெரியதாமே. மகிழ்ச்சி. நீ இளைத்துவிட்டாய் என்றும் சொன்னார். ஆட்டுப் பாலாடைக்கட்டி கொஞ்சம் கொடுத்து அனுப்புகிறேன். உப்பு தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

இங்கே மழை முன்னதாகவே நின்றுவிட்டது. மிளகாய்ப் பழத்தை மலைச்சரிவில் காயப் போட்டிருக்கிறார்கள், தூரத்தில் பார்த்தால் சிவப்புக் கம்பளம் மாதிரி இருக்கிறது. திராட்சைக் கொடிகள் இந்த ஆண்டு நன்றாகக் காய்த்திருக்கின்றன. பகல் வெயில் சுட்டெரிக்கிறது, இரவு எலும்பு வரை குளிர்கிறது. பழத்தின் தோல் தடித்துக் கறுத்துவிட்டது. உன் அப்பாவும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் ஒயின் அறைக்குள் போவதில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

சென்ற ஆண்டு மாதா திருநாளில் பீப்பாய் திறந்தபோது நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். முதல் கிண்ணம் மண்ணுக்கு, இரண்டாவது வீட்டுத் தலைவருக்கு, அவர் வாய் திறக்கும்வரை வேறு யாரும் பேசக்கூடாது என்பது நம் வழக்கம். நீ பேசினாய். "அப்பா, இதுல ஊசி குத்துற மாதிரி புளிச்ச காடி வாடை வருது" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னாய். அவர், "என் பீப்பாய்க்கு முன்னால எனக்கு முந்திப் பேசுறவன், வேற எவன் பீப்பாய்கிட்டயாவது போய்ப் பேசட்டும்" என்றார். நீ மறுநாளே கிளம்பினாய். நான் வாசலில் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் உன் அப்பாவின் மூக்கைக் கொண்டுபோய்விட்டது, எவரிஸ்தோ. அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுப்பில் பால் தீய்ந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து கோக்கா இலை மென்றுகொண்டிருந்தார். அன்றே எனக்குத் தெரியும். சொல்லாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

இந்த ஆண்டுத் திருநாளுக்குத் திறந்தது, நீ போன பிறகு பறித்த பழத்தில் போட்ட ஒயின். குளிர் முந்திக்கொண்டதால் சாறு பாதி நொதித்துப் பொங்கும்போதே அடங்கிவிட்டது. லாமா மயிர்ப் போர்வைகளால் பீப்பாய்களைச் சுற்றினோம். அனல் சட்டி வைத்தோம். முன்பெல்லாம் அவர் பீப்பாயின் வாயில் மூக்கை வைத்தே "இன்னும் உயிர் இருக்கு", "இது சோர்ந்துபோச்சு" என்பாரே, அதே போலக் குனிந்து, அதே போல நிமிர்ந்து, "உயிர் இருக்கு" என்றார். போர்வையை எடுத்த அன்று எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அவ்வளவு காடி வாடை. உன் ஞானத்தகப்பன் லிக்கின் என் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கும் தெரிந்தது. என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இருவரும் போர்வையை மடிக்கத் தொடங்கினோம்.

இந்தத் திருநாளில் ஊரே வந்தது. உன் அப்பா மண்ணுக்கு ஊற்றினார். குடித்தார். "இந்த வருஷம் கொஞ்சம் கூர்மையா இருக்கு, ஆனா நிக்கும்" என்றார். எல்லோரும் குடித்தார்கள், மகனே. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. லிக்கின் இரண்டாவது கிண்ணம்கூட வாங்கிக்கொண்டார், பாவம், மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். கோவில் மேளக்காரர்கள், "மலையிலயே உங்க சரக்குதான் சரக்கு, தோன் ரொசெந்தோ" என்று உன் அப்பாவைப் புகழ்ந்தார்கள். அவர் முகம் மலர்ந்திருந்தது. அதைப் பார்த்து நானும் சிரித்தேன்.

மறு வாரம் பக்கத்துவீட்டு செல்சா வந்தாள். அவள் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. முற்றத்திலிருந்தே, "தெல்மீராக்கா, திருநாளுக்கு ஊத்தினீங்களே, அதுல ரெண்டு பாட்டில் குடுங்க. வெங்காயம் நிறைய வந்திருக்கு, ஊறப் போடணும்" என்று கத்தினாள். நான் கண்ணைக் காட்டி அடக்குவதற்குள், "என்னக்கா, கண்ணைக் கண்ணைக் காட்டுறீங்க? நல்ல காடிதானே, வீணாப் போகணுமா?" என்றும் சொல்லிவிட்டாள். உன் அப்பா கதவுக்குப் பின்னால் சேணம் தைத்துக்கொண்டிருந்தார்.

அவள் போன பிறகு அடுப்படிக்கு வந்தார். காடிச் சீசாவையும் ஒயின் சீசாவையும் மேசையில் வைத்து, ஒன்றை முகர்ந்தார், மற்றதை முகர்ந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, சீசாக்களை இடம் மாற்றி வைக்கும்படி என்னிடம் சொன்னார். வைத்தேன். மறுபடி முகர்ந்தார். "எது எது?" என்று கேட்டார். "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றேன். இரண்டு சீசாவையும் மூடினார். கடைசியில், "பையன் சொன்னப்பவும் இப்படித்தான் இருந்துச்சா?" என்றார். "அப்ப கொஞ்சமா இருந்துச்சு" என்றேன். "நீயும் குடிச்சியே" என்றார். அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று முதல் ஒயின் அறைக்குப் பூட்டு. கீழே உள்ள பெரிய தோட்டத்துக்காரர்களிடம் இந்த ஆண்டுப் பழத்தைக் கொடியோடு கொடுத்துவிடப் பேசிவிட்டார். ஒருமுறை கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டும் அவர்கள்தான் வருவார்கள். பீப்பாய்கள் வறண்டு விரிசல் விடும். உன் தாத்தாவின் தகப்பனார் காலத்திலிருந்து இந்த வீட்டில் ஒயின் போடாத ஆண்டு கிடையாது. மரியாதை, மரியாதை என்று எல்லோரும் சேர்ந்து அந்த மனிதரைத் தனியாக விட்டுவிட்டோம். மரியாதை இல்லாதவன் என்று பெயர் வாங்கியவன் நீ ஒருவன்தான்.

நேற்று அந்தப் பெரிய தோட்டத்துக்காரர்களுடைய ஆள் அளந்து பார்க்க வந்தான். கீழ்ப்பாத்தி முழுவதையும் ஒப்புக்கொண்டார்கள். மேல்பாத்திக்கு ஏறப் போனவனை உன் அப்பா நிறுத்தினார். "அது இன்னும் பழுக்கல. சூசையப்பர் திருநாள் போகட்டும், பாக்கலாம்" என்றார். அவன் போன பிறகு நான் தனியாக ஏறிப் பார்த்தேன். விதை கூடப் பழுப்பேறிவிட்டது, எவரிஸ்தோ. வாயில் போட்டால் தேன். அவருக்கு மூக்குதான் போயிற்று, நாக்கு போகவில்லை, இனிப்பு தெரியும். பழம் பழுத்ததா இல்லையா என்பதில் அவர் இதற்கு முன் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

யாருக்காக அந்தப் பாத்தியை நிறுத்தி வைத்திருக்கிறார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் மார்ச் பத்தொன்பது, சூசையப்பர் திருநாளுக்கு மேல் பழம் கொடியில் நிற்காது. குருவி தின்றது போக மீதி வற்றிவிடும்.

உன்னை வா என்று எழுதச் சொல்லி எனக்கு உத்தரவு இல்லை. நான் எழுதுகிறேன். வா. வந்தால், அவருக்கு முந்திப் பேசு. இந்த முறை நான் வாசலில் நிற்க மாட்டேன், உன் பக்கத்தில் நிற்பேன்.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். பனியில் தலையை மூடாமல் நடக்காதே. மாதா உன் மூக்கையும் நாக்கையும் காக்கட்டும்.

உன் அம்மா
தெல்மீரா